லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

     

மாநகரம் விரிவது சிற்றூர்களுக்கு வாழ்வா, வீழ்ச்சியா என்பது இன்றைய தலைப்பு. வீழ்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவி அம்மையார் பேசும்போது ஓர் உவமை சொன்னாங்க. நகரமும் கிராமமும் சேர்வது கல்யாணம் மாதிரி. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் முதல் நாள் அழத்தான் செய்வாள், போன பிறகு சுகமா இருப்பாள் என்றார்கள். பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, கல்யாணம் என்றால் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கணுமா இல்லையா? இங்கே என்ன நடக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்க, பார்த்தாங்க, பிடிச்சிருக்குன்னாங்க, நேரே அரசிதழில் போட்டுட்டாங்க. "ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று பெண்ணுக்கு நோட்டீசு! இது எந்த ஊர்க் கல்யாணம்? (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இனிமேல் சரித்திரத்துக்கு வருவோம். சென்னையை எடுத்துக்கொள்கிறேன். நம் எல்லோருக்கும் சோறு போட்ட ஊர், அதனால் உரிமையோடு பேசலாம்.

1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒரு மணல் துண்டு வாங்கினான். கோட்டை கட்ட அது போதும் என்றுதான் வந்தான். 1670-களில் கோல்கொண்டா அரசிடம் திருவல்லிக்கேணியைக் குத்தகைக்கு எடுத்தான், ஆண்டுக்கு 50 வராகன். 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708-இல் ஐந்து ஊர்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. 1742-இல் இன்னும் ஐந்து: வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம். 1749-இல் மயிலாப்பூரும் சாந்தோமும். பாருங்க, ஒருத்தரிடம் குத்தகை, இன்னொருத்தரிடம் சாசனம், வேறொருத்தரிடம் வெகுமதி. கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கியவர் பெயர் இருக்கிறது. அந்த ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன் பெயர் மட்டும் எந்தச் சாசனத்திலும் இல்லை. அவனுக்கு ஒருநாள் தண்டோரா போட்டுச் சொல்லியிருப்பார்கள், இனிமேல் வரியை அந்த வீட்டில் கட்டு என்று.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கத்திவாக்கம் 1708-இல் பட்டணத்தோடு சேர்ந்தது. பிறகு எப்படியோ விலகித் தனி நகராட்சியாகி, 2011-இல் திரும்பவும் மாநகராட்சியோடு சேர்ந்தது. முந்நூற்று மூன்று வருஷம் கழித்து மறுபடியும் தாலி! சடையங்குப்பமும் அப்படித்தான். 1742-இல் கிராமமாகப் போனது, 2011-இல் ஊராட்சியாக மறுபடியும் போனது.

வரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1686-இல் கவர்னர் வீட்டு வரி போடப் பார்த்தார். சனங்கள் கடையை அடைத்துவிட்டார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு பெரிய வியாபாரி, கணக்குப் புலி. அவர் யோசித்தார். நாம் போட்டால் கொடுக்க மாட்டான். அவனுடைய ஆட்களையே உட்கார வைத்து அவர்களையே போடச் சொன்னால் கொடுப்பான். அப்படித்தான் 1688-இல் சென்னை மாநகராட்சி பிறந்தது. ஆல்டர்மன் நாற்காலியில் ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியரும் யூதரும் இந்துக்களும் உட்கார்ந்தார்கள். அன்பினால் பிறந்த குழந்தை இல்லைங்க, வரிக்காகப் பெற்ற குழந்தை. ஆனாலும் அந்த வியாபாரிக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: தன் கையால் ஆளாத ஊருக்கு மனிதன் மனதாரக் காசு கொடுக்க மாட்டான். முந்நூறு ஆண்டு கழித்து ஆலந்தூர் இதை நிரூபித்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நிலம் எடுப்பதிலும் கம்பெனி கெட்டிக்காரன். சிந்தாதிரிப்பேட்டை தெரியும் இல்லையா? சின்னத் தறிப்பேட்டை, அதுதான் மருவிப்போனது. கூவம் வளைந்து ஓடுகிற இடம். சுங்குராமச் செட்டியார் என்று ஒரு பெரிய வணிகர், ஒரு காலத்தில் கம்பெனிக்கே தலைமை வியாபாரி. அவருடைய தோட்டம் அங்கே இருந்தது. கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளி வேண்டும், நெசவாளிக்கு இடம் வேண்டும். 1734-இல் தோட்டத்தை எடுத்துத் தறி போட்டுவிட்டார்கள். என் நிலம் என்றார் செட்டியார். செல்லாது என்றது கம்பெனி. வேண்டியவராக இருந்த வரைக்கும் நிலம் அவருடையது, வேண்டாதவரானதும் நிலம் அரசாங்கத்தது! நெசவாளிக்கு வாழ்வு வந்ததே என்று எதிரணி கேட்கும். வந்தது, மறுக்கவில்லை. பெருந்தனவந்தருக்கே இந்த கதி என்றால் அரைக் காணி வைத்திருந்தவன் என்ன ஆனான் என்பதுதான் என் கேள்வி.

திருவொற்றியூர்ப் பக்கம் இன்னொரு நெசவாளர் பேட்டை. காலட் என்ற கவர்னர் பெயரில் காலட்பேட்டை. நம்ம சனங்கள் அதைக் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள். கவர்னரைக் காலடியில் கொண்டுவந்த தமிழை நான் கும்பிடுகிறேன்! (கைதட்டல்)

ஊர்ப் பெயர் பேச ஆரம்பித்தால் தமிழ் வாத்தியாருக்கு நேரம் போவது தெரியாது, இருந்தாலும் ஒரு நிமிடம். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், மடிப்பாக்கம், மீனம்பாக்கம். பாக்கம் என்றால் கடற்கரையோர ஊர். குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு. நெற்குன்றம் என்று ஓர் ஊர், பெயரிலேயே நெல்லைக் குவித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு அங்கே போய் ஒரு நெற்கதிரைக் காட்டுங்கள், நான் எதிரணிக்கு வந்துவிடுகிறேன். இந்த ஊர்களெல்லாம் சோழர் காலத்தில் புலியூர்க் கோட்டம், புழல் கோட்டம் என்று அடையாளத்தோடு இருந்தவை. சென்னைக்குப் பக்கத்தில் கிராமம் இருந்தது என்று சொல்கிறோமே, அது தப்புங்க. கிராமங்களுக்குப் பக்கத்தில்தான் சென்னை வந்து உட்கார்ந்தது.

இப்போது மாம்பலத்துக்கு வாங்க. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் ஓர் ஏரி நீண்டு கிடந்தது. நீளமாக இருந்ததால் வெள்ளைக்காரன் லாங் டாங்க் என்றே பெயர் வைத்தான். வெள்ளைக்காரத் துரைகள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். நகரத்துக்கு வீட்டுமனை வேண்டும் என்று 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது, 1923-இல் அந்த ஏரியை உடைத்து வடிக்கத் தொடங்கினார்கள். அங்கே எழுந்ததுதான் தியாகராய நகர். பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு, நடேசன் பூங்கா என்று நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். நல்ல பெயர்கள், நல்ல தலைவர்கள். அழகாகத் திட்டமிட்ட நகர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்குத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் நாம் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய்க் கடைக்குள் விட்டுவிடும்.

ஆனால் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மட்டும் இருக்கு! நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. கரை இருக்கிறது, ஏரியைக் காணோம். நடுவர் அவர்களே, 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அது வரலைங்க, திரும்பி வந்தது. தன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. நாம் பட்டா மாற்றிவிட்டோம், தண்ணீருக்குப் பட்டா படிக்கத் தெரியாது.

நுங்கம்பாக்கம் ஏரியின் மிச்சத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறந்தோம். வள்ளுவருக்குத் தேர் கட்டியதில் தமிழ் வாத்தியாரான எனக்குப் பெருமைதான். ஆனால் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்கு ஒதுக்கியவர் அவர். அவரைக் கொண்டுபோய் ஏரிக்குள்ளே உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது மனசு ஒரு பக்கம் உறுத்துகிறது. கரிகாலன் காட்டைத் திருத்தி ஊராக்கியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அப்படி ஊராக்கியபோது அவன் குளமும் வெட்டினான் என்கிறது. நாம் ஊராக்கினால் முதல் வேலையாகக் குளத்தைத் தூர்க்கிறோம்.

சரி, பழைய கதை போதும். 2011. சென்னை 174 சதுர கிலோமீட்டராக இருந்தது, 426 ஆனது. ஒன்பது நகராட்சி, எட்டுப் பேரூராட்சி, இருபத்தைந்து ஊராட்சி, ஆக 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே மூச்சில் கரைந்தன. வார்டு 155 என்பது 200 ஆனது. அதில் பழைய நகரத்துக்கு 107, சேர்ந்த ஊர்களுக்கு 93. நிலத்தில் பாதிக்கு மேல் இவர்களுடையது, நாற்காலியில் பாதிக்குக் குறைவு. மக்கள்தொகைப்படிதானே பிரிக்க முடியும் என்பார் எதிரணிப் பேராசிரியர். நியாயம்தான். கணக்கு நியாயமாக இருக்கும்போதே தோற்றுப்போகிறவனுக்குத்தான் வலி அதிகம். சரி, அந்த 93-ஆவது வேலை செய்ததா? 2016-இல் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். இப்போது யார் திண்ணை? ரிப்பன் கட்டடத்துக்குத் திண்ணை உண்டா?

இந்த இடத்தில்தான் ஆலந்தூர். 1990-களின் பிற்பகுதியில் அது தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க், கொசு, நாற்றம். பாதாளச் சாக்கடை வேண்டும், பணம் இல்லை. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? தெருத் தெருவாகக் கூட்டம் போட்டது. குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டது. வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் வைப்புத்தொகை கொடுங்கள், சாக்கடை போடுகிறோம் என்றது. அந்தக் காலத்து ஐயாயிரம்! வாத்தியார் சம்பளத்தில் கணிசமான தொகை அது. சனங்கள் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் சேர்ந்தது. சாக்கடை வந்தது. இந்தியாவில் பல ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏன் கொடுத்தார்கள்? கேட்டவன் முகம் தெரியும். ஏமாற்றினால் மறுநாள் கடைத்தெருவில் பிடித்துக்கொள்ளலாம். ஜோசையா சைல்டு கண்டுபிடித்ததும் இதைத்தானே! அந்த ஆலந்தூர் இன்றைக்கு என்ன? மாநகராட்சியின் 12-ஆவது மண்டலம். பெயர் இருந்த இடத்தில் ஒரு நம்பர்.

பெருங்குடி கதை இன்னும் மோசம். 2011 வரை அது பேரூராட்சி, சென்னையோடு சேரவில்லை. ஆனால் சென்னையின் குப்பை அதற்குப் பல வருஷம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் சேருவதற்கு முன்னால் குப்பை சேர்ந்துவிட்டது! பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்கிறார்கள். தென்சென்னை வெள்ளத்துக்கு அதுதான் வடிகால். இன்று மிச்சம் இருப்பது ஒரு சின்னப் பங்கு. 2022-இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு கையில் உலக அங்கீகாரம், இன்னொரு கையில் குப்பை மேடு. குடிநீரும் அப்படித்தான். எல்லைக்கல் வருவதற்கு முன்னால் தண்ணீர் லாரி வந்துவிடும். பாசனத்துக்கென்று இருந்த செம்பரம்பாக்கம் நகரத்தின் குடத்துக்குத் திரும்பியது. அப்படியும் போதாமல் 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். அந்த நேரத்தில் ஆழ்துளைக் கிணறு வறண்டுபோன சுற்றுவட்டார விவசாயி எந்த ரயிலுக்குக் காத்திருந்தான்?

எதிரணியில் தம்பி ஒருவர் பேசினார். எனக்கு அவர் பேச்சுத்தான் உறைத்தது. "கிராமம், கிராமம் என்று உருகுகிறீர்களே, எங்கள் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஊர் அது. நகரம் வந்த பிறகுதான் நான் யார் என்று கேட்காமல் டீ கொடுத்தார்கள்" என்றார். உண்மை, தம்பி. அம்பேத்கர் கிராமத்தை நம்பவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. இந்த வாதத்தைக் கைதட்டு வாங்கித் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நகரம் கொடுத்த அந்த டீயின் மதிப்பு எந்த ஏரிக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஊராட்சித் தலைவர் பதவியில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு கொடுத்தோம். ஊர் ஆலமரத்தடியில் கைகட்டி நின்ற குடும்பத்திலிருந்து ஒருத்தி வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சில ஊர்களில் உட்கார விடாமல் பண்ணினார்கள், அதையும் படித்தோம். போராடி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள் ஊரைச் சேர்த்துவிட்டோம், நாற்காலியே இல்லை! 2022-இல் சென்னைக்கு முதன்முதலாக ஒரு தலித் பெண் மேயரானார், மனமாரப் பாராட்டுவோம். அது ஒரு நாற்காலி. சிற்றூர்களில் போனவை எத்தனை?

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் தமிழ் வாத்தியார் இறங்கமாட்டார் என்று நடுவர் சிரிக்கிறார். சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், அதாவது இன்றைய வார்டு. குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் நிற்கக்கூடாது, அவனுடைய உறவுக்காரனும் நிற்கக்கூடாது. (கைதட்டல்) ரொம்பத் தட்டாதீங்க, நிலம் உள்ளவன்தான் நிற்கலாம் என்றும் அதே கல்லில் இருக்கிறது, பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு குழுவைப் பற்றி: ஏரி வாரியம். ஏரிக்கென்று ஊருக்குள்ளேயே ஒரு குழு, அதற்கு ஓர் ஆண்டுப் பொறுப்பு. ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும்.

2018-இல் என்ன நடந்தது? சென்னைப் பெருநகர்த் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 8,878-ஆக்குவதாக அறிவித்தார்கள். அன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் முழுவதும், அதற்கு மேல் அரக்கோணம் பக்கமும். குடவோலை கண்ட உத்திரமேரூரும் அந்த வரைபடத்துக்குள் வந்துவிட்டது. ஏழரை மடங்கு! ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எதிரணி பிடித்துக்கொள்ளும். திட்டப் பகுதி வேறு, மாநகராட்சி வேறு. திட்டப் பகுதியில் சேர்ந்தால் ஊராட்சி கலையாது. எந்த நிலத்தில் வயல், எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் தொழிற்சாலை என்று வரைகிற பேனா மட்டும் கை மாறும். அந்தப் பேனாதானே எல்லாம்? திட்டம் இல்லாவிட்டால் மனை வியாபாரி கண்டபடி பிளாட் போடுவான், திட்டம் இருந்தால் ஒழுங்கு வரும் என்று அன்று ஒரு சாரார் வாதிட்டார்கள். அது வலுவான வாதம். இருக்கிற 1,189-ஐயே ஒழுங்காகப் பார்க்க முடியவில்லையே, காஞ்சிபுரம் ஏரி மாவட்டமாயிற்றே, விளைநிலம் என்ன ஆகும் என்று இன்னொரு சாரார் கேட்டார்கள். வாதம் நடந்தது. நான்கு ஆண்டு நடந்தது. 2022 அக்டோபரில் முடிவான கணக்கு 5,904. பாருங்க, கேள்வி கேட்டதால்தான் ஏறத்தாழ மூவாயிரம் சதுர கிலோமீட்டர் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அரசுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் பேச நேரம் இருந்தது, பேசியவர்கள் இருந்தார்கள், வந்த கணக்கு மாறியது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பல மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் வாசலில் முதலில் வந்து நின்றது யார்? பெண்கள். அப்போது நடப்பில் இருந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். ஊர் நகரமாகிவிட்டால் மறுநாள் அந்த வேலை கிடையாது. பெயர்ப்பலகை மாறுகிறது, அவள் வயிறு மாறவில்லை. கணவன் குடித்துவிட்டுக் கிடந்தாலும், மகன் பார்க்காவிட்டாலும், வங்கிக் கணக்கில் அவள் பெயரில் வந்த பணம் அது. "உங்கள் ஊர் வளர்ந்துவிட்டது" என்று அவளிடம் சொன்னார்கள். "ஊர் வளர்ந்தது சரி, நான் எங்கே வேலைக்குப் போவேன்" என்பது அவள் கேள்வி. கிராம சபையில் எழுந்து நின்று கேட்கிற உரிமையும் ஊராட்சியோடு சேர்ந்து போகிறது. நகரத்தில் பகுதி சபை என்று 2022-இல் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்லது. உங்கள் தெருவுக்கு அது எப்போது கூடியது என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு காலத்தில் கோயம்பேடு ஊருக்கு வெளியே என்றார்கள், 2002-இல் பேருந்து நிலையம் போனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம். அடுத்து எந்தப் பாக்கமோ? அந்தப் பாக்கத்துக்காரன் இப்போது களத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருக்கலாம். அவன் ஊர்ப் பெயர் ஏற்கெனவே ஏதோ ஒரு மேசையில் வரைபடமாக விரிந்திருக்கலாம். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது எங்கள் அணிக்கு இதை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்: அந்த வரைபடத்தை மடிப்பதற்கு முன்னால் அவனை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவன் ஏரி அதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவனே விரலை வைத்துப் பார்க்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள்.